நாற்காலி, கடைசி பஸ், தறி: டெல்டா ஜவுளிக்கடை ஒன்றில் ஊக்கக் கோட்பாடுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஆடி மாதம் எங்கள் கடையில் ஓர் இன்சென்டிவ் திட்டம் தொடங்கியது. ஐப்பசி பாதிக்குள் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். திட்டத்தை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். அது ஏன் விழுந்தது என்று தேடி, அதற்கடுத்த ஒரு வருஷம் வேறு சில மாற்றங்களைச் செய்த குழுவிலும் இருந்தேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் இதே கடையில் சேலை கவுன்ட்டரில் நின்று விற்றவள் நான். இப்போது பணியாளர் பிரிவில் இருக்கிறேன். பாடத்தில் படித்த கோட்பாடுகள் இந்த மண்ணில் எங்கே பிடித்தன, எங்கே பிடிக்கவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

கடையும் ஆட்களும்

ஊர் பெயரைச் சொன்னால் கடை தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. காவிரி டெல்டாவில் நாலு தளத்தில் ஒரு ஜவுளிக்கடை. கீழே வேட்டி, துண்டு, உள்ளாடை. முதல் மாடியில் காட்டன், சிந்தெடிக் சேலைகள். இரண்டாவதில் பட்டு. மூன்றாவதில் ரெடிமேடும் சுடிதாரும். பின்னால் குடோன், மொட்டை மாடியில் மெஸ். சாதாரண நாளில் முந்நூறு பேர் வரை வேலை பார்ப்பார்கள், சீசனில் இன்னும் கூடும். பெரும்பாலும் பெண்கள். வலங்கைமான், குடவாசல், நன்னிலம், கொரடாச்சேரிப் பக்கத்து ஆட்கள் தினமும் பஸ்ஸில் வந்து போவார்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் கடை ஹாஸ்டலில் தங்கியிருப்பார்கள்.

வாங்க வருகிறவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். நெல்லோடு வரும் பணம்தான் எங்களுக்கு வியாபாரம். குறுவை அறுத்த காசு தீபாவளிக்கு வரும், சம்பா அறுத்த காசு பொங்கலுக்கும் தை முகூர்த்தங்களுக்கும் வரும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் பட்டு மாடியில் பாய் விரித்தபடியே கிடக்கும். இந்த ஒரு விஷயத்தைத் திட்டம் போடும்போது நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை. விற்கிற பெண்ணின் வீட்டிலும் அதே வயல், அதே தண்ணீர்க் கவலைதான் என்பதையும் யோசிக்கவில்லை.

திட்டம்

வெளியூரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் திரையில் ஒரு முக்கோணத்தைக் காட்டித்தான் தொடங்கினார். மனிதத் தேவைகளின் படிகள்: சாப்பாடு, பாதுகாப்பு, உறவு, மதிப்பு, உச்சியில் தன் திறமையை முழுக்க வெளிக்கொணர்வது. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் சொன்னது. "உங்க ஆட்கள் இன்னும் கீழ்ப்படியில இருக்காங்க. அவங்களுக்குக் காசுதான் பேசும்" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த 1943 கட்டுரையில் முக்கோணப் படமே கிடையாது. ஒரு தேவை முழுக்கத் தீர்ந்தால்தான் அடுத்தது தலைதூக்கும் என்றும் மாஸ்லோ சொல்லவில்லை. அரைகுறையாகத் தீர்ந்திருக்கும்போதே அடுத்தது முளைத்துவிடும் என்றுதான் எழுதினார். வாடகை பாக்கி வைத்திருக்கிற பெண்ணுக்கும் மரியாதை வேண்டும். அதைச் சபையில் எழுந்து சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

திட்டம் இதுதான்: ஒவ்வொருவருக்கும் மாத விற்பனை டார்கெட். தாண்டினால் தாண்டிய தொகைக்கு இன்சென்டிவ். மாடிக்கு ஒருவராக, மாதத்தில் அதிகம் விற்றவருக்குத் தங்கக் காசு. பெயர்களை வரிசைப்படி மெஸ் வாசலில் ஒட்டுவது.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது, ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இரண்டாவது மாதத்திலேயே கோளாறுகள் தெரிந்தன. நல்ல சேலைகளைக் கவுன்ட்டருக்கு அடியில் மறைத்துவைத்துத் தன் பார்ட்டி வந்தால் மட்டும் எடுத்துக் காட்டினார்கள். பக்கத்து கவுன்ட்டரில் உட்கார்ந்த வாடிக்கையாளரை, "இங்க வாங்கக்கா, புது லாட் வந்திருக்கு" என்று இழுத்தார்கள். இன்னது இன்ன கவுன்ட்டரில்தான் கிடைக்கும் என்று ஆள் அனுப்பி உதவுகிற பழைய பழக்கம் நின்றுபோனது.

ஒரு நாள் தலைஞாயிறு பக்கமிருந்து ஒரு பெரியவர் மகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க வந்தார். மடியில் கட்டிவந்த பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்ததை நானே பார்த்தேன். அவர் சொன்ன விலைக்கு மேலே, அதற்கும் மேலே என்று ஏற்றி ஒரு பட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டாள் எங்கள் பெண். மறுநாள் காலை கடை திறக்குமுன் அவர் பையோடு வாசலில் நின்றார். "தாயி, வீட்ல சத்தம் போடுறாங்க. மாத்திக் குடுத்திடு." மாற்றிக் கொடுத்தோம். இன்சென்டிவ் கணக்கில் அது கழிந்தது. அந்தப் பெண் அன்று மெஸ்ஸில் சாப்பிடவில்லை. அவளும் தலைஞாயிற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரிதான்.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் புதிர்க் கட்டைகளை வைத்து மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார். புதிரைத் தீர்க்கக் காசு பெற்றவர்கள், காசு நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. சேலை விரித்துக் காட்டுவதில் உண்மையாகவே சந்தோஷப்பட்ட சிலர் எங்களிடம் இருந்தார்கள். இரண்டே மாதத்தில் அவர்களும் விரிக்குமுன் விலைச்சீட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பூஜ்யம் எங்கே இருந்தது

விக்டர் வ்ரூம் 1964-இல் சொன்ன கணக்கு எங்களுக்கு மிகவும் உதவியது. ஒருவர் மனசு வைத்து உழைக்க மூன்று கேள்விகளுக்கு ஆம் வேண்டும். முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்றையும் அவர் கூட்டவில்லை, பெருக்கினார். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதையே நிறுத்திவிட்டார்கள். தீபாவளி நவம்பர் 12. எங்கள் தீபாவளி டார்கெட்டோ முந்தின வருஷ விற்பனையின் மேல் கூட்டிப் போட்டது. 2022-இல் அணை மே 24-லேயே திறந்து குறுவை செழித்த வருஷம். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்துக் கூட்டம் பாதியாகக் குறைந்தபோது, ஒரு பெண் எத்தனை சேலையை விரித்தால்தான் அந்த எண்ணைத் தொட முடியும்? அவர்களுக்கு இது அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஆயிற்றே. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஓரளவு ஆம். பணம் தாமதமானாலும் வந்தது.

மூன்றாவது எனக்குப் பெரிய பாடம். தங்கக் காசு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைவிட வேண்டியது ஒன்று இருந்தது, இரவு கடைசி டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் பெண்களின் குடும்பக் கணக்கில் அது பெரிய தொகை. கடை ஒன்பதரைக்குச் சாத்தும். ஆனால் விரித்த சேலையை மடித்து, எண்ணி, கணக்கு கொடுத்துக் கிளம்பப் பத்தாகிவிடும். கடைசி பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் அண்ணன் பைக்கில் வந்து அழைத்துப்போய் வீட்டில் கத்துவான். "இந்த வேலை வேண்டாம், நின்னுடு" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். நன்றாக விற்கிறவளிடம்தான் கடைசி நேரப் பார்ட்டியும் வரும். ஆக, நன்றாக உழைத்தால் பஸ் போய்விடும். அந்தப் போட்டியில் தங்கக் காசு தோற்றது.

ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் எழுதிய சமநீதிக் கோட்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். மனிதர்கள் தங்கள் கூலியைத் தனியாகப் பார்ப்பதில்லை, தான் போட்டதையும் பெற்றதையும் பக்கத்தில் இருக்கிறவர் போட்டதோடும் பெற்றதோடும் வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அவர் கருத்து. துண்டு, ஜட்டி விற்கிற கவுன்ட்டரில் நாளெல்லாம் நூறு பேருக்கு எடுத்துக் கொடுத்தாலும் தொகை ஏறாது. பட்டில் ஒரு கல்யாணப் பார்ட்டி போதும். பட்டு கவுன்ட்டரில் யார் நிற்கிறார்கள்? முதலாளி குடும்பத்தின் சொந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள். பேக்கிங் பையன்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லை. மெஸ் வாசலில் ஒட்டிய பட்டியல் இந்த ஏற்றத்தாழ்வை எல்லாரும் தினமும் படிக்கும்படி செய்துவிட்டது. ஒரு காலையில் அது கிழிந்து கிடந்தது. யார் கிழித்தது என்று விசாரிக்கச் சொன்னார்கள், நான் விசாரிக்கவில்லை.

இரண்டு கேள்விகள்

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்கள், கணக்கர்கள் என்று சுமார் 200 பேரிடம் கேட்டது எளிய விஷயம். வேலையில் எப்போது மிக நன்றாக உணர்ந்தீர்கள்? எப்போது மிக மோசமாக உணர்ந்தீர்கள்? தீபாவளி முடிந்ததும் இந்த இரண்டு கேள்விகளை எங்கள் மெஸ்ஸில் கேட்பது என்று முடிவு செய்தேன். சூப்பர்வைசர்கள் இல்லாத நேரம். எழுதச் சொல்லாமல் பேசவிட்டேன்.

மோசமான நேரம் என்று வந்தவை: பாத்ரூம் போகக் கையெழுத்துப் போடும் நோட்டு. மாதவிலக்கு நாளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது. வாடிக்கையாளர் முன்னால் "ஏய்" என்று கூப்பிட்டது. கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வது. ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்டிய பிறகும் லீவு மறுத்தது.

நன்றாக உணர்ந்த நேரம் என்று வந்தவை வேறு வகை. "இருபது வருஷத்துச் சேலையக் கொண்டாந்து இதே கலர் வேணும்னாங்க அக்கா, குடோன்ல தேடி எடுத்துக் குடுத்தேன்." "கல்யாண போட்டோவை எடுத்துட்டு வந்து எங்கிட்ட காட்டுனாங்க." "இந்த லாட் எடுக்கலாமான்னு மேனேஜர் சார் எங்கிட்ட ஒரு தடவ கேட்டாரு." ஒருத்தி பொம்மைக்குச் சேலை கட்டியதைச் சொன்னாள். அவள் கட்டிய பொம்மை தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நின்றதாம். அந்த வாரம் முழுக்கத் தங்கையை அழைத்துவந்து காட்டினாளாம். தங்கக் காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காசு வாங்கிய இருவர் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

ஹெர்ஸ்பெர்க் சொன்ன பிரிப்பு அப்படியே கிடைத்தது. சம்பளம், மேற்பார்வை, வேலையிடச் சூழல் இவை கெட்டால் மனம் கசக்கும், சரியானால் கசப்பு போகும், அவ்வளவுதான். ஊக்கம் வேறு ஊற்றிலிருந்து வருகிறது: செய்து முடித்த நிறைவு, பிறர் மதிப்பது, பொறுப்பு, கற்றுக்கொள்வது. அவருடைய முறையைக் குறை சொன்ன ஆய்வாளர்கள் உண்டு. நன்மைக்குத் தன்னையும் தீமைக்குப் பிறரையும் காரணம் காட்டுவது மனித இயல்பு, கேள்வியே அந்தப் பதிலைத்தான் கொண்டுவரும் என்பார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது எங்கிருந்து தொடங்குவது என்கிற வழி, அது கிடைத்தது.

நாற்காலி

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் போராடிப் பெற்ற உரிமை அது. நின்று நின்று கால் நரம்பு சுருண்ட என் போன்றவர்களுக்கு அந்தப் பெண்கள் மேல் இருக்கும் நன்றியை எழுத்தில் சொல்வது கடினம்.

எங்கள் கடையிலும் நாற்காலி வாங்கியிருந்தார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தது, அதன்மேல் சேலைக் கட்டுகள் இருந்தன. யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை போதும், எழுந்துவிடுவார்கள்.

டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் பிரித்துக் காட்டிய இரண்டு மனப்பாங்குகளை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஆட்கள் சும்மா விட்டால் ஏமாற்றுவார்கள் என்று நம்புகிற நிர்வாகம் ஒன்று, பொறுப்பைத் தந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிற நிர்வாகம் இன்னொன்று. நாற்காலி வாங்கியது இரண்டாவது வகை, பார்வை முதல் வகை. சட்டத்தால் அந்தப் பார்வையை மாற்ற முடியவில்லை. கடைசியில் ஒரு சின்ன ஏற்பாடு வேலை செய்தது. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் முறைவைத்து உட்காருவது, முதல் ஆளாக அந்த மாடியின் சூப்பர்வைசரே உட்காருவது. இரண்டு வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பாத்ரூம் நோட்டை எடுத்தோம். பை சோதனையை முதலாளி விடச் சம்மதிக்கவில்லை. ஆனால் மேனேஜர் பையும் என் பையும் அதே வரிசையில் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

எட்டரைக்கு மேல் வருகிற பார்ட்டிகளை ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் பார்ப்பது, அவர்கள் மறுநாள் தாமதமாக வருவது என்று மாற்றினோம். பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே மடிப்பைத் தொடங்கிவிடலாம்.

பொங்கல் முடிந்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நாற்காலி போட்டாச்சு, பஸ்ஸுக்கு விட்டாச்சு. வியாபாரம் ஏறலையே?"

"ஏறாதுங்கய்யா. ஆள் நிக்கும்."

ஹெர்ஸ்பெர்க்கை அவரிடம் விளக்க முயன்றேன், முழுக்க எடுபடவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தார். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். அது கைக்கு வரும்வரை காத்திருந்து, தீபாவளி முடிந்த கையோடு வேலையை விட்டுப் போவது எங்கள் தொழிலில் வழக்கம். அந்த வருஷமும் நிறையப் பேர் போனார்கள். ஆனால் போனவர்களில் சிலர், தை பிறந்த பிறகு தாங்களாகவே திரும்ப வந்து வேலை கேட்டார்கள். முன்பு அப்படி நடந்ததில்லை.

தறி

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம்.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னால் விரித்த கோட்பாட்டில் மனிதருக்கு மூன்று உள்தேவைகள் சொல்லப்படுகின்றன: தானே முடிவெடுப்பது, கைத்திறன் வளர்வது, பிறரோடு ஒட்டியிருப்பது. ஹாக்மனும் ஓல்ட்ஹாமும் 1976-இல் வேலையின் அமைப்பையே பார்த்தார்கள். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருவரே செய்கிறாரா, அது யாருக்காவது பயன்படுவது அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டார்கள். ஜவுளிக்கடை வேலையைத் துண்டு துண்டாக வெட்டிவைத்திருக்கிறோம். ஒருத்தி விரிப்பாள், ஒருவர் பில் போடுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் பையில் போடுவார். விற்றவளுக்கு அந்தச் சேலை படியிறங்குவதோடு சரி.

எங்கள் பட்டு மாடியில் திருபுவனம் பட்டு நிறைய. விசிறி மடிப்பு பார்த்தாலே தெரியும், 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பத்து வருஷமாக அதை விற்ற பெண்கள் தறியைப் பார்த்ததில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து, இருபது பேரை வேனில் அழைத்துப்போனோம். பட்டு மாடியில் இருப்பவர்களை மட்டுமல்ல, துண்டு கவுன்ட்டரிலிருந்தும் பேக்கிங்கிலிருந்தும் ஆள் சேர்த்தே அழைத்தேன். குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டிருந்த ஒரு வயதான நெசவாளர், கரையையும் உடலையும் எப்படிச் சேர்க்கிறார் என்று மெதுவாகச் செய்து காட்டினார். ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். துண்டு கவுன்ட்டர் பெண் ஒருத்தி, "இவ்ளோ வேலயா தாத்தா, நாங்க தூக்கித் தூக்கிப் போடுறோமே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "தூக்கிப் போட்டாத்தாம்மா விக்கும், நல்லாப் போடு" என்றார்.

திரும்பி வந்தபின் அவர்கள் சேலையைக் கையில் எடுக்கிற விதம் மாறியது. விலையைச் சொல்லுமுன் நெசவைச் சொன்னார்கள். கேள்வி கேட்கிற வாடிக்கையாளரைத் தட்டிக்கழிப்பது குறைந்தது, பதில் தெரிந்திருந்தது.

அதோடு இரண்டு மாற்றம் செய்தோம். கல்யாணப் பார்ட்டி வந்தால் முகூர்த்தப் பட்டிலிருந்து மாப்பிள்ளை வேட்டி, சம்பந்திக்குச் சேலை, கடைசியில் பேக்கிங் வரை ஒரே பெண் எல்லா மாடிக்கும் கூடவே போவாள். அடுத்தது, மாதம் ஒருமுறை கொள்முதல் பேச்சில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு விற்பனைப் பெண் உட்காருவாள். எந்தக் கலர் ஓடாமல் கிடக்கிறது, கிராமத்து அம்மாக்கள் எந்தக் கரையைக் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெண், "சார் இந்த லாட் வேண்டாம், போன வருஷமே அழுதோம்" என்றாள். அந்த லாட்டை எடுக்கவில்லை.

தீராதவை

தனியாள் இன்சென்டிவை எடுத்துவிட்டு மாடிக்கு ஒரு பங்குத் தொகை வைத்தோம். பேக்கிங், பில்லிங் எல்லாரும் அதில் உண்டு. சேலையை ஒளிப்பது நின்றது. ஆனால் எங்கள் மிகச் சிறந்த பட்டு விற்பனையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். "நான் உழைக்கிறேன், அவனுக்கும் சமப் பங்கா?" என்று கேட்டார். ஆடம்ஸின் கோட்பாடு அவர் பக்கமும் நியாயம் பேசும். அவருக்குச் சரியான பதில் எங்களிடம் இல்லை. பிறகு பங்கில் ஒரு பகுதியைத் திறமைக்கும் அனுபவத்துக்கும் ஒதுக்கினோம். அதை அளப்பது யார் என்பதில் இன்றும் சண்டை வருகிறது. சூப்பர்வைசர் அளந்தால் பழைய பயம் திரும்புகிறது.

லீவு விஷயமும் முழுக்கத் தீரவில்லை. காப்பு கட்டிய ஊருக்கு லீவு உண்டு என்று எழுதிவிட்டோம். பங்குனி, சித்திரையில் பல ஊர்களில் ஒரே சமயத்தில் திருவிழா வருகிறது. முகூர்த்த சீசனும் அப்போதுதான். ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவருடைய சாமி விட்டுப்போகிறது.

2024 ஆகஸ்ட்டில் தீபாவளி டார்கெட் பேசக் கூடினோம். முந்தின வருஷம் போல எண்களோடு ஒருவர் தொடங்கினார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொரடாச்சேரிப் பெண்ணிடம் கேட்டார்.

"உங்க ஊர்ல தண்ணி வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுங்கய்யா. ஆனா குறுவை போடலீங்க, லேட்டாயிடுச்சு. எல்லாரும் சம்பாதான்."

அந்த வருஷம் அணையை ஜூலை 28-இல்தான் திறந்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அணை 120 அடியும் நிரம்பிவிட்டது. குறுவைக்குப் பிந்தி, சம்பாவுக்கு நல்ல நேரம். முதலாளி கொஞ்சம் யோசித்தார். தீபாவளிக்கான எண்ணைக் குறைத்து, பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் ஏற்றி எழுதச் சொன்னார்.